தலை முதல் பாதம் வரை

சேலத்திலும், 1997 வரை அம்மாவட்டத்தோடு இணைந்திருந்த நாமக்கல்லிலும், நம் வீட்டு மூதாட்டியர் நாடி பார்க்கக் கை நீட்டுவார்கள்; பாதத்தைக் காட்டச் சொன்னாலோ சேலையை இழுத்து மூடிக்கொள்வார்கள். நாணத்தை ஈமானோடு சேர்த்துப் போற்றும் சமுதாயம் நம்முடையது. அந்த நாணம் மருத்துவத்துக்குப் பகையா? வரலாறு அவ்வாறு சொல்லவில்லை.

ஹிஜ்ரி 5இல் நடந்த அகழ்ப் போரில் அம்பு பட்ட ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை, மதீனாப் பள்ளிவாசலில் இருந்த ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணியின் கூடாரத்தில் சேர்க்குமாறு பணித்தவர்கள் நாயகம் (ஸல்) அவர்களே.

1816இல் பாரிஸ் மருத்துவர் லென்னெக், ஓர் இளம்பெண்ணின் மார்பில் காதை வைத்துக் கேட்கக் கூசினார். தாளைச் சுருட்டிக் குழலாக்கி அதன் வழியே கேட்டார். இதய ஒலி முன்னிலும் தெளிவாகக் கேட்டது. ஸ்டெதாஸ்கோப் பிறந்தது நாணத்தினால்! அதைக் கழுத்தில் மாட்டித் திரிவோருள் எத்தனை பேர் இதை அறிவரோ!

சேலத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 1986இல் தோன்றியது. இன்று பயிற்சி பெற்ற செவிலி முதலில் திரையை இழுக்கிறார். பார்க்கும் பகுதியில் மட்டுமே போர்வையை விலக்குகிறார். நினைவு, கண்மணி, நாக்கு, கழுத்து, மார்பு என இறங்கி வருகிறார். வயிற்றை அழுத்துமுன் குடலின் ஒலியைக் கேட்கிறார். அழுத்தினால் அவ்வொலி மாறிவிடக்கூடும். கணுக்காலில் விரலை ஊன்றிக் குழி விழுகிறதா என்று நோக்குகிறார். இறுதியாகக் கால்விரல் இடுக்கு. நீரிழிவால் மரத்த பாதத்தில் புண் வலிப்பதில்லை. காணாது விட்டால் காலையே எடுக்க நேரும். பெண் செவிலியே பார்க்கட்டும் என்று தாராளமாகக் கேட்கலாம். பாட்டியின் காலுறையை மட்டும் கழற்றச் சொல்லுங்கள்.