முந்நிறப் படிமங்களின் பொருத்தம்: ஒரு வரலாற்று நோக்கு

நிறத்தொலைக்காட்சியின் வரலாற்றை எழுதுவோர் நிறத்தைப் பிரித்தறிந்தவர்களையே பெரிதும் போற்றுவர். பிரித்த நிறங்களை மீண்டும் ஓரிடத்திற் பொருத்துவதற்கு எடுத்த முயற்சியோ ஓரிரு வரிகளுள் அடங்கிவிடுகின்றது. ஆயின், பிரித்தலினும் பொருத்தலே அரிதாயிருந்தது என்பது எமது துணிபு.

1861 மே 17ஆம் நாள் இலண்டன் றோயல் நிறுவனத்தில், கட்டமிட்ட வண்ண நாடாவொன்றின் மூன்று படங்களை யேம்ஸ் கிளாக் மக்ஸ்வெல் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய வடிகளினூடாக ஒரே திரையில் வீழ்த்திக் காட்டினார். படங்களை எடுத்தவர் தோமஸ் சட்டன். அக்காலத் தகடுகள் செவ்வொளியை உணரமாட்டா. அங்ஙனமாயின் சிவப்புப் படம் எவ்வாறு கிடைத்தது? நூறாண்டு கழித்து, 1961இல், கொடாக் நிறுவன ஆய்வாளர் றால்ப் எவன்ஸ் விடை கூறினார். நாடாவின் செந்நிறப் பகுதி ஊதாக்கடந்த கதிர்களையும் தெறித்திருந்தது. அவையே வடியைக் கடந்து தகட்டிற் பதிந்தன. கொள்கை உண்மையானது; அன்றைய வெற்றியோ பாதி தற்செயலானது!

அசையாத நாடாவைப் பொருத்துதல் எளிது. உருசியப் பேரரசெங்கும் சென்று ஒரே காட்சியை ஒன்றன்பின் ஒன்றாக மும்முறை படமெடுத்த புறொக்குடின்-கோர்ஸ்கிக்கு அவ்வாய்ப்பு இருக்கவில்லை. அவரது படங்களில் ஓடும் நீரும் அசைந்த மனிதரும் நிறவிளிம்புகளாய்ச் சிதறியுள்ளமையைக் காணலாம். மூன்று பதிவுகளுக்கு இடைப்பட்ட காலமே அங்குக் குற்றவாளி.

எறிதிரைத் தொலைக்காட்சியிற் குற்றவாளி இடமாகும். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கரான ஹென்றி குளோஸ், தாம் நிறுவிய அட்வென்ற் நிறுவனத்தின் வாயிலாக இதனை வீடுகளுக்குக் கொண்டுவந்தார். பெட்டியொன்றிலிருந்த மூன்று குழாய்கள் ஏறத்தாழ 7 அடி வளைதிரையில் ஒளியை வீழ்த்தின. இத்தகைய கருவிகளிற் பெரும்பாலும் பச்சைக்குழாய் நடுவில் அமையும். பக்கத்துக் குழாய்கள் திரையைச் சாய்வாக நோக்குவதால், அவை வரையும் சதுரம் சரிவகமாகிவிடும். இதனைத் திருத்த மேலதிகச் சுருள்களில் மின்னோட்டம் செலுத்தி இலத்திரன் கற்றை வளைக்கப்பட்டது.

பொருத்துவோர் முதலில் கருவி சூடேறும்வரை காத்திருப்பர். பின்னர்க் குறுக்கு நெடுக்குக் கோடுகளைத் திரையிலிட்டு, பச்சையின் வடிவைச் சீர்செய்து, அதன்மேற் சிவப்பையும், இறுதியில் நீலத்தையும் பொருத்துவர். மூன்றும் ஒன்றிய இடத்திற் கோடு வெண்மையாகும். நடுவிலிருந்து ஓரங்களை நோக்கிச் செல்லுதல் மரபு. ஒரு மூலையைத் திருத்த மறுமூலை பிறழும், திரும்பவும் தொடங்கவேண்டும். நீலத்தின் நுண்பிழைகளைக் கண் அத்துணை எளிதில் உணராமை ஒன்றே ஆறுதல். கருவியை வேறு திசைக்குத் திருப்பினாற் புவிக்காந்தமும் கற்றையை விலக்கும். மக்ஸ்வெல்லின் மேடையில் நிபுணர் செய்த பணி இவ்வாறு கூடத்தில் அமர்ந்திருந்த குடும்பத்தலைவரின் மேல் விழுந்தது. விளம்பரங்கள் படத்தின் பெருமையைப் பேசின. இவ்வுழைப்பைப் பற்றி அவை அதிகம் பேசியிருக்க நியாயமில்லை.

2000ஆம் ஆண்டினை அடுத்து இக்குழாய்க் கருவிகள் மறைந்தன. அவற்றின் இடத்தைப் பிடித்தவற்றுள் ஒன்று, நுண்கண்ணாடிகள் நிறைந்த ஒற்றைச் சில்லினாலும் சுழலும் நிறச்சக்கரத்தினாலும் இயங்குவது. மூன்று நிறங்களும் ஒரே கண்ணாடிகளிலிருந்து வருவதால் அங்கு இடப்பொருத்தம் வேண்டியதில்லை. ஆயினும் நிறங்கள் அடுத்தடுத்து வருவதால், கண்ணை விரைந்து அசைப்போருக்கு வெண்ணிறப் பொருள்களின் ஓரத்தில் வானவிற் கீற்றுக்கள் தோன்றும். புறொக்குடின்-கோர்ஸ்கியின் நீரோட்டத்திற் சிதறிய நிறங்களும் இவ்வகையினவே.