நுரையீரலின் தோலை உரித்த கதை



பி.காம் படிக்கிறவனுக்கு ஆபரேஷன் வரலாறு எதற்கு என்று நம்ம கிளாஸ் பசங்க சிரிக்கலாம். வரவு செலவு பார்ப்பதுதானே நம் படிப்பு? இதிலும் அந்தக் கணக்கு இருக்கிறது.

"நெஞ்சுல நீர் கோத்துக்கிச்சு" என்று நெட்டப்பாக்கம் பக்கம் சொல்வார்கள். நிமோனியா, டி.பி., விபத்தில் கசிந்த ரத்தம் என்று காரணங்கள் பல. நுரையீரலுக்கும் நெஞ்சுக்கூட்டுக்கும் நடுவில் சீழோ ரத்தமோ வாரக்கணக்கில் தேங்கிக் கிடந்தால், நுரையீரல் மேல் கெட்டியான உறை படிந்துவிடும். அப்புறம் மூச்சை எவ்வளவு இழுத்தாலும் நுரையீரல் விரியாது.

19ஆம் நூற்றாண்டில் இதற்கு இருந்த வைத்தியம் கொடுமையானது. விரியாத நுரையீரலை விட்டுவிட்டு, விலா எலும்புகளை வெட்டி நெஞ்சையே உள்ளே அமுங்க வைத்தார்கள். பிழைத்தவருக்கும் ஒரு பக்கம் குழி விழுந்துவிடும்.

1893-ல் அமெரிக்காவின் புரூக்ளினில் ஜார்ஜ் ஃபௌலர் என்ற மருத்துவர் அந்த உறையை வெட்டி எடுத்தார். நுரையீரல் விரிந்தது! 1894-ல் பிரான்ஸ் ராணுவ மருத்துவர் எட்மோன் டெலோர்ம் இதை ஒரு சிகிச்சை முறையாகவே அறிவித்தார். (அப்போது நம்ம புதுச்சேரியும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது.) மரப்பட்டையை உரிப்பது என்ற பொருளில் 'டிகார்ட்டிகேஷன்' என்று பெயரும் வைத்தார்.

யோசனை சரிதான். ஆனால் கிருமியைக் கொல்லும் மருந்து இல்லை, ரத்தம் ஏற்றும் வசதி இல்லை, மயக்கத்தில் இருப்பவரின் நுரையீரலைக் காற்றால் ஊதி விரிக்கும் முறையும் வளரவில்லை. அதனால் பல ஆபரேஷன்கள் தோற்றன. இரண்டாம் உலகப்போரில் இவை மூன்றும் கையில் இருந்தன. நெஞ்சில் குண்டடிபட்ட வீரர்களுக்குச் சில வாரங்களுக்குள்ளேயே உறையை எடுத்தபோது நல்ல பலன் கிடைத்தது.

1940களின் இறுதியில் ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து நெஞ்சு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். இந்தியாவில் அதுதான் முதல் துறை என்கிறார்கள். டி.பி.க்கு மருந்து பரவலாகாத காலம் அது. சானடோரியங்கள் நிரம்பி வழிந்தன.

இனி கணக்குக்கு வருவோம். வரவு: நுரையீரல் விரிகிறது, மூச்சு வாங்குவது குறைகிறது, சீழ் தேங்கிய இடம் மூடுகிறது. செலவு: உறையை உரிக்கும்போது ரத்தம் போகும். நுரையீரலில் சிறு கிழிசல் விழுந்து காற்று கசியும். அது நிற்கும்வரை நெஞ்சில் டியூப்போடு படுத்திருக்க வேண்டும். சிலருக்கு மறுபடி சீழ் பிடிக்கும், சிலருக்குக் காலி இடம் மூடாமலே போகும்.

எந்தப் பக்கம் கனக்கும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்பவை இரண்டு. ஒன்று, உறைக்கு அடியில் இருக்கும் நுரையீரலின் நிலை, டி.பி. அதைத் தின்று முடித்திருந்தால் உரித்தும் பயனில்லை. இரண்டாவது, காலம். சீக்கிரம் வந்தால் டியூப் போட்டோ, கேமரா விட்டுச் சிறு துளை வழியாகவோ முடிந்துவிடலாம். தாமதமானால் நெஞ்சையே திறக்க வேண்டிவரும். டி.பி.யால் சேர்ந்த நீர் பலருக்கு மாத்திரையிலேயே வற்றிவிடும், பாதியில் நிறுத்தாமல் சாப்பிட்டால்!

1894-ல் டெலோர்மிடம் இல்லாத மருந்து இன்று அரசு சுகாதார நிலையத்தில் இலவசம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? "சூட்டு இருமல்" என்று சமாளிக்கும் பெரியவர்களைக் கையோடு கூட்டிப்போய்ச் சளிப் பரிசோதனை செய்துவிடுங்கள் நண்பர்களே.