கரண்ட் போனாலும் பேசுன போன்

ஊருக்குள்ள போன் வர்றதுக்கு முன்னாடி, வெளியூருக்குப் பேசணும்னா போஸ்ட் ஆபீஸ்ல ட்ரங்க் கால் புக் பண்ணிட்டு உக்காந்திருக்கணும். 1984-ல சாம் பிட்ரோடா முனைப்புல சி-டாட் ஆரம்பிச்சாங்க. அவங்க செஞ்ச 128 லைன் எக்ஸ்சேஞ்சுக்கு ஏ.சி. வேண்டாம், வெயிலும் தூசியும் தாங்கும். கிராமத்துக்குப் போன் வந்ததுல அந்தப் பெட்டிக்குப் பெரிய பங்கு உண்டு.

மோகனூர்ல எங்க தோட்டத்து வீட்டுக்கு வந்தது செம்புக் கம்பி. எக்ஸ்சேஞ்ச் பேட்டரியோட 48 வோல்ட் அந்தக் கம்பி வழியாவே வரும். வீட்டுல கரண்ட் இல்லாட்டியும் போன் பேசும். இது பல பேருக்குத் தெரியாது.

இப்பக் கம்பிக்குப் பதிலா ஃபைபர். நம்பர் பழசுதான், பேச்சு இன்டர்நெட்ல போகுது. இரைச்சல் இல்லீங்க, அது நெசம். ஆனா கண்ணாடி இழையில கரண்ட் வராது. மோடத்துக்கு நம்ம வீட்டு கரண்ட்தான் வேணும்.

ஐப்பசி மழையில ஒரு ராத்திரி கரண்ட் போச்சு. அம்மாவுக்கு நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்திருக்கு. நான் மோட்டார் ரூம்ல இருந்தேன். கைபேசி அம்மாவுக்குப் பழக்கமில்லை. திரும்பி வந்தப்ப ரிசீவரை மடியில வெச்சுட்டு உக்காந்திருந்தாங்க. "போன் செத்துப்போச்சு கண்ணு"ன்னாங்க.

அது வெறும் வாயுப்பிடிப்புதான். மறுநாளே நாமக்கல் போயி மோடத்துக்கு ஒரு சின்ன பேட்டரி வாங்கியாந்தேன்.