கான்பூலே

டிரினிடாட் கார்னிவலின் நெருப்பு இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. பிரெஞ்சில் 'கான்' என்றால் கரும்பு, 'ப்ரூலே' என்றால் எரிந்தது. தோட்டத்தில் தீப்பிடித்தால் நள்ளிரவிலும் சங்கு ஊதி, சாட்டை வீசி, அடிமைகளை அணைக்க விரட்டுவார்கள். 1838இல் முழு விடுதலை கிடைத்ததும் அந்த விரட்டலையே அவர்கள் விழாவாக்கினார்கள்: தீப்பந்தம், கம்புச் சண்டை, முரசு. எத்தனை நெஞ்சுரம்! 1881இல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் காவல்துறை ஊர்வலத்தை அடக்க வந்தபோது கம்புகள் திருப்பி அடித்தன. பின்னர் முரசுக்குத் தடை வந்தது. மக்கள் மூங்கிலை வெட்டித் தரையில் குத்தித் தாளம் எழுப்பினார்கள். கொங்கோ மொழியில் ஊர்வலத்தைக் குறிக்கும் 'கம்பூலே'தான் இந்தச் சொல்லின் மூலம் என்போரும் உண்டு. இன்றும் கார்னிவல் வெள்ளியன்று, விடியுமுன், அந்த 1881 மோதலை நடித்துக் காட்டுகிறார்கள்.