குழாய் பார்த்த திசை

போன மாதம் மதுரையில் ஒரு கல்யாண வரவேற்பு. டான்ஸ் தொடங்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. டிஜே பையன் பாட்டில்லாத புல்லாங்குழல் இசையை மெல்ல ஓடவிட்டிருந்தான். பக்கத்தில் இருந்த தாத்தா, "ஏன்டா, செட்டு ரிப்பேரா?" என்றார்.

தாத்தா முப்பது வருஷம் மைக்செட் போட்டவர். அவர் காலத்தில் கல்யாணப் பாட்டு பந்தலுக்குள் இருப்பவர்களுக்கு இல்லை. முதல் நாள் சாயங்காலமே மரத்தில் ஏறிக் கூம்புக் குழாயைக் கட்டிவிடுவார்கள். அதன் வாய் எப்போதும் வெளியே பார்க்கும். குறைந்த வாட்ஸிலேயே குரலைத் தொலைதூரம் தள்ளும் வடிவம் அது. பக்கத்து ஊருக்கு 'இங்கே விசேஷம்' என்று சொல்வதுதான் அதன் வேலை. முதலில் சீர்காழி கோவிந்தராஜனின் விநாயகர் பாட்டு. அப்புறம் 1961இல் வந்த 'பாசமல'ரில் எல்.ஆர்.ஈஸ்வரி பாடிய மணப்பெண் பாட்டு. அது இல்லாமல் கல்யாணமே இல்லை.

78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிஷம் சொச்சம்தான். ஆள் நகர முடியாது. பிறகு எல்.பி. தட்டுகள் வந்தன, ஒரு பக்கமே இருபது நிமிஷம் ஓடும். தாத்தாவுக்குச் சாப்பிடப் போக நேரம் கிடைத்தது.

அப்படிப் போன ஒருநாள்தான் அது நடந்தது. முகூர்த்தத்துக்கு நாதஸ்வரக்காரர் வாசிக்க ஆரம்பித்துவிட்டார். குழாயில் சினிமாப் பாட்டு நிற்கவில்லை. தாத்தா இலையை விட்டு ஓடிவந்து முள்ளைத் தூக்குவதற்குள் தாலி கட்டி முடிந்துவிட்டது.

"அந்த மனுஷன் ஒரு வார்த்த சொல்லலடா. சீவாளியத் தொடச்சு உறையில போட்டுட்டு உக்காந்துட்டாரு. திட்டியிருந்தாக்கூட தேவல."

அதற்குப் பிறகு முகூர்த்தம் முடியாமல் தாத்தா பந்தியில் உட்கார்ந்ததே இல்லை.

கேசட், சிடி, லேப்டாப் என்று வந்த ஒவ்வொன்றும் பாட்டுப் போடுகிறவனின் கைக்கு இன்னும் கொஞ்சம் ஓய்வு கொடுத்தது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் ராத்திரி பத்து மணிக்கு மேல் திறந்தவெளி ஒலிபெருக்கியை அடக்கின. கல்யாணமும் ஏசி மண்டபத்துக்குள் போனது. ஸ்பீக்கர் உள்ளே பார்த்துத் திரும்பியது. ஊருக்குச் சேதி சொன்ன பாட்டு இப்போது விருந்தாளிகளின் பேச்சுக்குக் கீழே ஓடுகிறது.

மேடையில் மாப்பிள்ளையின் பாட்டி மைக்கைக் கையில் வாங்கினார். அவர் வாய் திறக்கும் முன்பே புல்லாங்குழல் அடங்கியது. தாத்தா சட்டென்று டிஜே பக்கம் திரும்பினார். லேப்டாப் தானாகவே பாடும். ஆனாலும் பையன் நின்றுகொண்டுதான் இருந்தான், விரல் வால்யூம் மேலேயே.

"பய கைய எடுக்கலடா," என்றார் தாத்தா. "சாப்பிட்டானான்னு கேளு."