எட்டாத கை

(‘கல்லில் எழுதிய போர்கள்’ தொடர் - 14)

டேசியத் தலைநகரமான சார்மிசெகெதூசாவின் கோட்டை விழுந்த கதையை இந்த வாரம் சொல்வதாக வாக்களித்திருந்தேன். ஆனால் டிராஜன் தூணின் உச்சிக்குப் பக்கத்தில், ஒரு மரத்தடியில் என் கண் நின்றுவிட்டது. அதைச் சொல்லாமல் கோட்டைக்குத் திரும்ப மனம் வரவில்லை.

ரோமில் அந்தத் தூணைத் திறந்தது கி.பி. 113-இல். டேசியரோடு டிராஜன் நடத்திய இரண்டு போர்களும் ஒரே பட்டையாக, கொடி படர்வதுபோல் 23 சுற்றுச் சுற்றி மேலே ஏறுகின்றன. அவிழ்த்து நீட்டினால் ஏறக்குறைய 200 மீட்டர் வரும். 2,500-க்கும் மேற்பட்ட உருவங்கள். பேரரசன் டிராஜன் திரும்பத் திரும்ப வருகிறான். படைக்கு உரையாற்றுகிறான், தெய்வங்களுக்குப் பலியிடுகிறான், தூதர்களைச் சந்திக்கிறான். ஓரிடத்திலும் வாள் ஓங்கிப் போரிடவில்லை. அவனுடைய வீரர்களும் சண்டை போடுவதைவிட மரம் வெட்டுவதும் அரண் கட்டுவதும்தான் அதிகம்.

இப்போது அந்த மரத்தடிக்கு வருவோம். ஆண்டு 106. தலைநகரம் கைவிட்டுப் போயிற்று. டேசிய மன்னன் டெசபலஸ் குதிரையேறித் தப்புகிறான். ரோமக் குதிரைப்படை விடாமல் துரத்துகிறது. இனி ஓட வழியில்லை. மன்னன் மண்டியிடுகிறான், வளைந்த கத்தி அவன் கழுத்துக்குப் போகிறது. ஒரு ரோம வீரன் குதிரைமேலிருந்தபடியே உடலைச் சாய்த்துக் கையை நீட்டுகிறான். கை வந்து சேர்வதற்குள் கத்தி முந்திக்கொள்ளும்.

யார் அந்த வீரன்? 1965-இல் கிரேக்க நாட்டில், பழைய பிலிப்பி நகருக்கு அருகே ஒரு கல்லறைக்கல் கிடைத்தது. திபேரியஸ் கிளாடியஸ் மாக்சிமஸ் என்ற குதிரைவீரன் உயிரோடிருக்கும்போதே தனக்காகச் செய்துவைத்த கல் அது. டெசபலஸைப் பிடித்ததையும், அவன் தலையை ரனிஸ்டோரம் என்ற இடத்தில் டிராஜனிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததையும் பெருமையோடு பொறித்திருக்கிறான். எழுத்துக்கு மேலே சிற்பம்: பாயும் குதிரை, அதன் எதிரே சரியும் மன்னன்.

இரண்டு கல்லும் ஒரே நொடியைப் பேசுகின்றன. கல்லறைக்கல் ‘பிடித்தான்’ என்கிறது. தூணோ ‘பிடிபடவில்லை’ என்கிறது. நான் தூணை நம்புகிறேன். வென்றவன் பணத்தில், வென்றவன் புகழுக்காக உளி பிடித்த சிற்பி, தோற்றவனின் கடைசி வீரத்தை மறைக்கவில்லை. டிராஜனை நல்லாட்சி தந்தவர்கள் வரிசையில் வைப்பவர்கள் வைக்கட்டும். இந்தப் போரின் வீரன் என் கணக்கில் டெசபலஸ்தான். சங்கிலியில் பிணைபட்டு ரோம வீதியில் நடக்க அவன் மறுத்தான். ரோமுக்குக் கிடைத்தது அவன் தலை மட்டும். அதைப் படையினருக்குத் தட்டில் வைத்துக் காட்டுவதையும் அதே சிற்பி செதுக்கியிருக்கிறான். அந்தக் காட்சியில் எனக்கு ரோமின் வெற்றி தெரியவில்லை, ஆத்திரம்தான் தெரிகிறது.

கோட்டைக் கதை கடன் நிற்கிறது. அங்கே டேசியர்கள் ஒரு பெரிய பாத்திரத்தைச் சுற்றிக் கிண்ணம் ஏந்தி நிற்கிறார்கள். அதில் இருந்தது நஞ்சா, கடைசித் தண்ணீரா?

அடுத்த வாரம் பார்ப்போம்.