கோடு எதைக் குறிக்கிறது? சங்கப் புலவர் – புரவலர் உறவும் வலைப்பின்னல் ஆய்வும்

இலக்கியமும் வரலாறும் பயில்வோரிடையே வலைப்பின்னல் ஆய்வு பரவிவருகிறது. ஆட்களைக் கணுக்களாகவும் அவர்களுக்கு இடையிலான உறவுகளை இணைப்புகளாகவும் கொண்டு ஓர் அட்டவணை அமைத்து, கெஃபி போன்ற இலவச மென்பொருளில் ஏற்றினால் சில நொடிகளில் படம் வந்துவிடும். இம்முறையைக் கற்கத் தொடங்க வேண்டிய இடம் மென்பொருள் அன்று என்பதே இக்கட்டுரையின் வாதம். ஓர் இணைப்பு எந்த உறவைக் குறிக்கிறது, அதற்குரிய சான்று எங்கே உள்ளது என்று முடிவுசெய்வதே முதற்பாடம். மூலபாடத்தில் தோய்ந்தவரால்தான் அதைச் செய்ய முடியும்.

ஜான் பேட்ஜெட்டும் கிறிஸ்டோபர் ஆன்செலும் 1993இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல முன்மாதிரி. பிளாரன்ஸ் நகரில் 1400 முதல் 1434 வரை மெடிசி குடும்பம் அதிகாரம் பெற்ற வரலாற்றை அது ஆராய்கிறது. திருமண உறவு, வணிக உறவு முதலியவற்றை அவர்கள் வகைவகையாகப் பிரித்துப் பதிந்தனர். மெடிசியினர் பெண் கொடுத்து எடுத்த குடும்பங்கள் வேறு, வணிகம் செய்த குடும்பங்கள் வேறு என்பதும், தமக்குள் தொடர்பற்ற குடும்பங்கள் மெடிசி வழியாகவே இணைந்தன என்பதும் அதனால்தான் தெரியவந்தன. எல்லா உறவையும் ஒரே வகைக் கோடாக வரைந்திருந்தால் இந்த உண்மை மறைந்தே போயிருக்கும்.

இதே கேள்வியைச் சங்க இலக்கியத்திடம் கேட்போம். பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. எஞ்சிய எட்டுப் பத்துகளில் ஒவ்வொன்றும் ஒரு புலவர் ஒரு சேர மன்னனைப் பாடியது. இந்நூலை மட்டும் கொண்டு புலவர் – புரவலர் வலைப்பின்னல் வரைந்தால், ஒன்றோடொன்று தொடர்பில்லாத எட்டு இணைகளே கிடைக்கும். இனி, புறநானூற்றின் 143 முதல் 147 வரையுள்ள ஐந்து பாடல்களைச் சேர்ப்போம். மனைவியைப் பிரிந்து வாழ்ந்த வையாவிக் கோப்பெரும் பேகனை அவளிடம் திரும்பச் செய்வதற்காகப் பாடப்பட்டவை இவை. பாடியவர்கள் கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார். பரணர் மட்டும் இரண்டு பாடினார். இந்நால்வரே பதிற்றுப்பத்தில் முறையே ஏழாம், ஐந்தாம், எட்டாம், ஒன்பதாம் பத்துகளைப் பாடியவர்கள். தனித்தனியே கிடந்த எட்டு இணைகளுள் நான்கைப் பேகன் என்னும் ஒரு கணு ஒன்றாகக் கோத்துவிடுகிறது.

இங்குதான் எச்சரிக்கை வேண்டும். ஒரே புரவலனைப் பாடியவர்கள் தமக்குள் தொடர்புடையவர்கள் என்று கொண்டு புலவர்களை மட்டும் தனிப்படமாக வரைந்தால், பேகன் ஒருவனாலேயே நால்வருக்கிடையில் ஆறு கோடுகள் தோன்றும். அந்த ஆறும் எதைக் குறிக்கின்றன? நால்வரும் ஒரே காலத்தில் அவன் முன் நின்றார்கள் என்பதையா? அவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள் என்பதையா? ஒரு நிகழ்ச்சியைச் சுற்றி அமைந்த பாடல்களைத் தொகுத்தவர் அடுத்தடுத்து வைத்தார் என்பதையா?

சான்று இருக்கும் இடத்தைப் பார்த்தால் கேள்வி கூர்மையாகிறது. பிரிவுற்ற பெண்ணின் பெயர் கண்ணகி என்பதைப் பாடல்களின் அடியில் உள்ள குறிப்புகளான கொளுக்களே சொல்கின்றன. பாடல்களில் அப்பெயர் இல்லை. 147ஆம் பாட்டு ‘ஆவியர் கோவே’ என்று மட்டுமே விளிக்கிறது. அவன் பேகன் என்பதைக் கொளுவே கூறுகிறது. பதிற்றுப்பத்திலும் யார் யாரைப் பாடினார் என்ற செய்தியைப் பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட பதிகங்களே தெளிவாகத் தருகின்றன.

ஆறு கோடுகளுள் ஒன்றற்குப் பாட்டிலேயே சான்று உண்டு. ஒன்பதாம் பத்தைச் சேர்ந்த 85ஆம் பாட்டு, கபிலர் பரிசாகப் பெற்ற ஊர்களைக் குறிப்பிடுகிறது. பெருங்குன்றூர்கிழார் கபிலரின் புகழை அறிந்திருந்தார் என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. ஆனால் இந்த இணைப்புக்குத் திசை உண்டு. பின்வந்தவர் முன்னவரை நினைக்கிறார். இருவரும் சந்தித்தனர் என்று பாட்டு சொல்லவில்லை. கபிலர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் மூவரும் பதிற்றுப்பத்தில் முறையே பாடிய செல்வக்கடுங்கோ வாழியாதன், பெருஞ்சேரல் இரும்பொறை, இளஞ்சேரல் இரும்பொறை ஆகியோர் வேறுவேறு தலைமுறையினர். அவ்வளவு கால இடைவெளியைக் கடந்து மூவரும் பேகனுடைய இல்லற வாழ்வின் ஒரு நெருக்கடியில் தலையிட்டிருக்க முடியுமா என்பது, படத்தைப் பார்த்த பிறகு தவிர்க்க முடியாத வரலாற்றுக் கேள்வி.

‘இவை தமிழறிஞர் அறிந்தவைதானே, வலைப்பின்னல் எதற்கு?’ என்று கேட்கலாம். தனித்தனிச் செய்திகளாக அறிந்தவையே. எனினும் ஒவ்வொரு முடிவும் எந்தச் சான்றைச் சார்ந்து நிற்கிறது என்பதைச் சோதிக்கும் வாய்ப்பை இம்முறை தருகிறது. பாடல் எண், புலவர், புரவலர், உறவின் வகை, சான்றின் இடம் என ஐந்து பத்திகள் கொண்ட அட்டவணை போதும். சான்றின் இடத்தில் பாட்டு, கொளு, பதிகம் என்று பிரித்துக் குறித்துவிட்டால், கொளு தரும் இணைப்புகளை மட்டும் நீக்கி மறுபடி வரையலாம். எது நிலைக்கிறது, எது சரிகிறது என்பது அனைவருக்கும் தெரியும். மறுப்பவரும் அதே அட்டவணையில் ஒரு வரியைச் சுட்டி வாதிட முடியும்.

எண்களையும் இந்த அடிப்படையில்தான் படிக்க வேண்டும். பல புரவலர்களைப் பாடிய கபிலரும் பரணரும் எந்த அளவீட்டிலும் மையத்தில் வருவார்கள். அது அவர்கள் வாழ்ந்த சமூகத்தில் அவர்களுக்கிருந்த இடத்தை மட்டும் காட்டுவதன்று. அவர்களுடைய பாடல்கள் மிகுதியாக எஞ்சியதையும் காட்டுகிறது. தொலைந்த இரண்டு பத்துகளின் புலவர்களுக்கும் மன்னர்களுக்கும் அப்படத்தில் இடமே இல்லை.

ஆகவே தமிழ்த்துறைகளில் இம்முறையைக் கற்பிக்கும்போது, மாணவர் ஐம்பது பாடல்களைத் தாமே படித்து, ஒவ்வோர் இணைப்புக்கும் சான்று எழுதிய பிறகே கணினிக்குச் செல்ல வேண்டும். உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றையும் 1904இல் பதிற்றுப்பத்தையும் பதிப்பித்தபோது பேணிய பாட ஒழுங்கு, அட்டவணையின் ஒவ்வொரு வரிக்கும் தேவை. அந்த ஒழுங்கு இருக்குமானால் வலைப்பின்னல் நம் புலமை மரபின் நேரான தொடர்ச்சியாக அமையும். இல்லாவிட்டால் கொளு எழுதியவரின் கருத்தையே சங்ககாலச் சமூகம் என்று வரைந்து காட்டுவோம்.